ரேஷன் அட்டை எண் மறக்கும், 'நவராத்திரி' மறக்காது

'நவராத்திரி' படத்தில் சிவாஜி கணேசனுக்கு எத்தனை வேடம்? வைட்டிலா பஸ் நிலையத்தில் பையும் மூட்டையுமாக ஊருக்குக் கிளம்பி நிற்கும், அறுபதைத் தாண்டிய தமிழர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "ஒன்பது" என்ற பதில் உடனே வரும். அதோடு விடமாட்டார். குடிகாரர், டாக்டர், விவசாயி, குஷ்டரோகி, கூத்துக்காரர் என்று விரல் மடக்குவார். 1964 தீபாவளிக்கு வந்த படம், அன்றைக்கே 'முரடன் முத்து'வும் வந்தது என்பார்.

அவரிடமே ரேஷன் அட்டை எண்ணைக் கேளுங்கள், பையைத் துழாவுவார். "வேண்டியது மறந்து போகுது, வேண்டாதது நிக்குது" என்று அலுத்துக்கொள்ளாதவர் யார்?

இவையெல்லாம் எப்படி உள்ளே போயின? யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை. 1952-ல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. ஜனங்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். 1957-ல் இங்கே விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காலையில் 'பொங்கும் பூம்புனல்'. அப்புறம் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் குரல்கள். டீக்கடை ரேடியோவில் படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாம் தினமும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. போதாததற்கு, கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்களே, அதேதான். பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டவர்களும் எழுத்துக்கூட்டி அதை முழுசாக வாசித்தார்கள்.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஹாரி பாஹ்ரிக் என்பவர் 1984-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிஷ் மொழி படித்த 700-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்தார். சிலர் படித்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் சில ஆண்டுகளில் நிறைய மறந்துவிடுகிறது. அதைத் தாண்டி நின்றது பிறகு பல ஆண்டுகளுக்கு அசைவதே இல்லை என்று கண்டார். நன்றாகத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு நின்றதும் அதிகம். ரேஷன் அட்டையை எப்போதோ ஒரு தடவை பார்க்கிறோம். பாட்டை நூறு தடவை கேட்டோம், அதுவும் பத்து வயதில்! இதில் மூளையைக் குறை சொல்லி என்ன பயன்?

அயலூரில் பிழைப்பவனுக்கு இந்தச் சரக்கு பேச்சுத் துணையாகவும் ஆகிறது. ஃபோர்ட் கொச்சியில் 1940-ல் பிறந்த யேசுதாஸ், 1964-ல் வந்த 'பொம்மை' படத்தில் தமிழில் பாடியிருக்கிறார் என்று எடுத்து விட்டால் போதும். அதுவரை முகம் கொடுக்காத மலையாளிச் சேட்டனும் பக்கத்தில் வந்து உட்காருவார்.

இதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று உண்டு. பிறந்த தேதி தெரியாத முதியவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். பென்ஷன் மனு, ஆதார் திருத்தம் என்று போனால் முதல் கேள்வியே வயதுதான். அங்கே "தெரியாது" என்று சொல்கிறவர்கள், "நவராத்திரி படம் வந்தப்போ நான் கைக்குழந்தைன்னு அம்மா சொல்லும்" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார்கள். மனு எழுதித் தருகிற குமாஸ்தா அண்ணாச்சிக்கு அது போதும், பேனா நிமிர்ந்துவிடும். மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலும் இதே வழிதான்: வயது தெரியாதவரிடம் ஊரறிந்த சம்பவங்களைச் சொல்லிக் கேட்டு மதிப்பிடுவது உண்டு. சினிமா, சான்றிதழ் ஆகாது, வாஸ்தவம். ஆனால் வருஷம் பிடிபட்டால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எந்த ரிஜிஸ்தரைப் புரட்டச் சொல்வது என்று தெரியும்.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. மதுரையில் தீபாவளிக்கு வந்த படம் கிராமத்து டூரிங் கொட்டகைக்கு வர ஒரு வருஷம், சில சமயம் இரண்டு வருஷம்கூட ஆகும். ஆகவே படத்தின் பெயரோடு நிறுத்தாமல் எந்தக் கொட்டகை, எந்த ஊர் என்றும் கேட்க வேண்டும். ராமநாதபுரத்துக்காரர் என்றால் புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் போதும். தனுஷ்கோடியை அழித்த புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. அதை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.