வார்த்தையோடு விளையாடலாம், வாங்க!

போன ஜூன் மாசம் என் மகள் குடும்பம் பெங்களூரிலிருந்து சேலத்துக்கே வந்துவிட்டது. ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் குடித்தனம். ஏழு வயசுப் பேத்தி இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். சரியான வாயாடி! ஆனால் பத்தே நாளில் வாயில்லாப் பூச்சியாகிவிட்டாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

மடியில் போட்டுக்கொண்டு மெல்ல விசாரித்தேன். வகுப்பில் 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று படித்தாளாம். எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். "இனிமே நான் தமிழே பேசமாட்டேன், அம்மாயி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"தினமும் நூறு தடவை சொல்ல வைம்மா, தானா வரும்" என்றாள் மகள். "நூறு தடவை அழத்தான் செய்வா. நீ சும்மா இரு, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

சின்ன வயசில் நானும் என் அக்காவும் 'க' பாஷை பேசுவோம். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட வேண்டும், அவ்வளவுதான். "கசி கனி கமா கபோ கலா கமா?" என்றால் "சினிமா போலாமா?" என்று அர்த்தம்! அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தப்பாகப் பேசுவதே விளையாட்டு என்றால் யார் சிரித்தால் என்ன? மறுநாளே அவள் அப்பாவிடம் "கபா கல்" கேட்டாள். அவர் முழித்த முழியில் வீடே சிரித்தது.

அடுத்து, திருப்பிப் படித்தாலும் மாறாத வார்த்தைகள். விகடகவி, குடகு, தேரு வருதே, மோரு போருமோ! இதற்கு மாலைமாற்று என்று பெயர். ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இப்படிப் பாடியிருக்கிறார். குட்டியும் யோசித்து, "தாத்தா, மாமா, பாப்பா எல்லாம் வருது. அம்மாயி மட்டும் வரலையே?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் சிலேடை. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். மாலை, படி, நூல், தை என்று வீட்டுக்குள்ளேயே எத்தனையோ கிடைக்கும். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் அடக்கியவர் காளமேகப் புலவர். நம் பக்கத்து மோகனூரில் வளர்ந்த கி.வா.ஜகந்நாதனும் சிலேடையில் மன்னர். 1967-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர். ஒருமுறை வழியில் கார் நின்றுவிட்டதாம். எல்லாரும் இறங்கித் தள்ள, வயதானவர் என்று அவரை மட்டும் வேண்டாம் என்றார்களாம். "எனக்கென்ன தள்ளாத வயசா?" என்று கேட்டாராம்!

இளம் தாய்மார்களே, இதற்குக் காசும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். கீரை ஆயும்போதும் தலை பின்னும்போதும் விளையாடலாம். சொல்லை உடைத்து, மாற்றி, சேர்த்து விளையாடும் குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதும் சுலபமாகிறது. ர, ற, ழ போன்ற ஒலிகள் சில குழந்தைகளுக்கு ஆறேழு வயசு வரை தாமதமாவது உண்டு. கேலி செய்யாதீர்கள். குழந்தை தப்பாகச் சொன்னால், நீங்கள் சரியாக ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ஆனால் இரண்டு வயசாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிக் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம். டம்ளரில் பாலை ஊற்றிவிட்டு, "சுடுது கண்ணு, ஆறட்டும்" என்றேன்.

கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆறினதுக்கு அப்புறம் ஏளுமா, அம்மாயி?"

'ழ' இன்னும் வரவில்லைதான். வந்தபோது வரட்டுமே! பேச்சு வந்துவிட்டதே, எனக்கு அது போதும்.