பனிக்காற்றில் ஓடினால் முகம் எரிகிறதா?

மார்கழி பிறந்துவிட்டால் ஆண்டிபட்டியில் விடியற்காலை ஓட்டம் லேசானது அல்ல. 1959-ல் திறந்த வைகை அணைப் பக்கம் ஓடுகிறவர்களைக் கேளுங்கள். கன்னம் எரியும். உதடு வெடிக்கும்.

பனி ஈரமாயிற்றே, அதில் தோல் காயுமா? காயும்! குளிர்காற்றில் நீராவி குறைவு. சூடான முகத்தில் பட்டதும் அது தோலின் ஈரத்தை இழுத்துவிடுகிறது. ஓட ஓடக் காற்று வேகமாக அடிக்கும். வெடித்த இடத்தில் உப்பு வியர்வையும் பட்டால் சொல்லவேண்டுமா?

ஓடுவதற்கு முன்பே கன்னம், மூக்கு, உதடுகளில் வாசலினை மெல்லியதாகத் தடவுங்கள். ஈரம் வெளியேறாமல் அது காக்கும். தேங்காய் எண்ணெயும் உதவும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருகிவிடும். முகப்பரு உள்ளவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். உதட்டை நாக்கால் நனைக்காதீர்கள். எச்சில் காய்ந்ததும் வெடிப்பு அதிகமாகும்.

ஓடி வந்ததும் பலர் வெந்நீரும் சோப்பும் போட்டு முகத்தை அழுத்தித் தேய்க்கிறார்கள். தோலில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசையும் போயிற்று! வெதுவெதுப்பான தண்ணீரே போதும். துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் காயுமுன் மறுபடி கொஞ்சம் வாசலின் தடவுங்கள். புண்ணாகி நீர் வடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.