குரல் காக்கும் சிறு பெட்டி

வீட்டுப் பெரியவர் ஒருவர் மறைந்தால், அவருடைய நகை எஞ்சும். நிழற்படம் சுவரில் எஞ்சும். கைவைத்தியம்கூட மருமகளிடம் எஞ்சும். ஆனால் குரல் மட்டும் எஞ்சுவதில்லை. அதைப் பிடித்து வைக்க நினைப்போர் பலர். காலத்தோடு செய்து முடிப்போர் சிலரே.

எங்கள் குடும்பத்திலும் இக்குறை உண்டு. ஒப்பாரி பாடுவதில் பெயர்பெற்ற என் அத்தையை ஒரு நாள் கண்டியிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்த்திப் பாடச் சொன்னோம். அவரும் மனமுருகிப் பாடினார். பின்னர் கேட்டபோது பாட்டின் அடியில் வண்டு குடைவதுபோல் ஓர் இரைச்சல் இறுதிவரை தொடர்ந்து ஒலித்தது. அடுத்த தீபாவளிக்கு வரும்போது மறுபடி பதிவு செய்யலாம் என்றிருந்தோம். அந்தத் தீபாவளியை அத்தை காணவில்லை.

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இந்த இழப்பு ஒரு வீட்டோடு நிற்பதன்று. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னரே, கோப்பித் தோட்டக் காலத்திலேயே, தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கால்நடையாக இம்மலைகளுக்கு வந்துவிட்டனர். அவர்கள் மூட்டையில் கொண்டுவந்த செல்வம் சிறிது. நாவில் கொண்டுவந்த செல்வம் பெரிது. தாலாட்டும், கும்மியும், ஒப்பாரியும் அச்செல்வத்தைச் சேர்ந்தவை. ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் அத்தகைய பாடல்களைத் தேடித் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக்கினார். சொற்கள் ஏட்டிலே காக்கப்பட்டன. ஆனால் எங்கே இழுத்து நிறுத்துவது, எங்கே குரல் தழுதழுக்கும் என்பதை ஏடு காட்டாது. அதற்குப் பாடுவோரின் குரலே வேண்டும்.

இன்று அந்தப் பணியை வீட்டிலிருந்தே செய்யலாம். ஓர் ஒலிவாங்கியும் ஒரு கணினியும், இரண்டுக்கும் நடுவே ஒரு முன்பெருக்கியும் போதும். கடைக்காரர் இதனைப் ‘பிரீ-ஆம்ப்’ என்பர். இக்காலத்தில் இது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ஒலியை எண்களாக மாற்றும் கருவியோடு சேர்ந்து, ‘ஆடியோ இன்டர்பேஸ்’ என்ற கையடக்கப் பெட்டிக்குள் அமைந்திருக்கும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில், அமெரிக்க டாலர் ஒன்றுக்குச் சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய் சில மாதங்களுக்குள் 360 அளவுக்குச் சரிந்தது. அதன் பின்னர் இறக்குமதிப் பெட்டி ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தே வாங்கவேண்டியுள்ளது. ஆகவே எதற்குப் பணம் தரவேண்டும், எதற்குத் தர வேண்டியதில்லை என்பதை அறிந்துகொள்வது நலம்.

ஒலிவாங்கியே அளவுகோல்

முன்பெருக்கியின் வேலை ஒன்றே: ஒலிவாங்கியில் எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கித் தருவது. அப்பெருக்கத்தை டெசிபெல் கணக்கில் கூறுவர். 20 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. 40 என்றால் நூறு மடங்கு. 60 என்றால் ஆயிரம் மடங்கு.

மேடைகளில் நாம் அடிக்கடி காணும் ஷுவர் எஸ்.எம். 58 என்ற ஒலிவாங்கி 1966ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ளது. இது ‘டைனமிக்’ வகையைச் சேர்ந்தது. வாயருகே உரத்துப் பேசினால் இதில் ஏறக்குறைய 1.85 மில்லிவோல்ட் எழும். ஒரு முழத் தொலைவில் மெல்லிய குரலில் தாலாட்டுப் பாடினாலோ அதில் பத்தில் ஒரு பங்குகூட எழாது. இத்தகைய குரலுக்கு 60 டெசிபெலுக்குக் குறையாத பெருக்கம் வேண்டும்.

‘கண்டென்சர்’ வகை வேறு. எடுத்துக்காட்டாக, ஓடியோ டெக்னிக்கா ஏ.டி. 2020 என்ற மலிவான ஒலிவாங்கி அதே ஒலிக்கு 14 மில்லிவோல்ட் தரும். அதாவது முன்னதைவிட ஏழு மடங்குக்கு மேல். இதற்கு 50 டெசிபெல் பெருக்கம் போதும். ஆனால் இது வேலைசெய்ய 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். ஒலிவாங்கியின் கம்பி வழியாகவே செல்லும் இம்மின்சாரத்தைப் ‘பாண்டம் பவர்’ என்பர். 1966ஆம் ஆண்டில் நோர்வே வானொலிக்காக நோய்மன் நிறுவனம் இம்முறையை வகுத்தபோது, அந்நிலையத்தின் அவசர விளக்குகளுக்கு ஏற்கெனவே 48 வோல்ட் மின்வசதி இருந்ததாம். அன்று அங்கே கிடைத்த அளவே உலக வழக்காயிற்று.

எனவே முன்பெருக்கியைத் தேடுமுன் ஒலிவாங்கியை முடிவு செய்க. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில்கூட வேற்றுமை உண்டு. போகஸ்ரைட் ஸ்கார்லெட் நான்காம் தலைமுறைப் பெட்டிகளுள் ‘சோலோ’ 57 டெசிபெல் பெருக்கம் தரும்; ‘2ஐ2’ 69 டெசிபெல் தரும். கண்டென்சர் வைத்திருப்போருக்கு முன்னதே போதும். மெல்லிய குரலை டைனமிக் ஒலிவாங்கியில் பதிய விரும்புவோர் பின்னதற்குச் சற்றுக் கூடுதலாகத் தருவது வீண் செலவன்று.

இயற்கை இட்ட எல்லை

விலை உயர உயர ஒலி தெளிவாகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் இயற்கை இங்கே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. ஒலிவாங்கியின் உள்ளேயுள்ள மின்தடைகூட வெப்பத்தினால் ஒரு மெல்லிய இரைச்சலை எழுப்பும். 150 ஓம் மின்தடைக்கு இந்த அளவு சுமார் −131 டி.பி.யூ. ஆகும். இந்த எண் எவ்வளவு கீழே செல்கிறதோ அவ்வளவு அமைதி. எத்துணைப் பணம் கொடுத்தாலும் இந்தத் தரைக்குக் கீழே எவரும் போக இயலாது. மலிவான நல்ல பெட்டிகளோ −127, −128 அளவை எட்டிவிட்டன. அளக்கும் முறைக்கேற்ப, எஞ்சியிருப்பது மூன்று முதல் ஐந்து டெசிபெல் மட்டுமே. பத்து மடங்கு விலையுள்ள பெட்டி மீட்டுத்தரக்கூடியதும் இந்தச் சிறு எச்சத்தையே.

நம் வீட்டு அறையில் காகமும், மின்விசிறியும், முச்சக்கர வண்டியும் எழுப்பும் சத்தம் இதைவிடப் பல மடங்கு பெரிது. எனவே இரண்டாவது விலைப்படியைத் தாண்டிச் செலவிடுவதைக் காட்டிலும், அந்தப் பணத்தைப் பாடுவோரின் போக்குவரத்துக்கும் நல்ல விருந்துக்கும் செலவிடுவது மேல்.

கடையிலே செய்யவேண்டிய சோதனை

கடைக்குச் செல்லும்போது உங்கள் ஒலிவாங்கியையும், காதை முழுதும் மூடும் ஹெட்போனையும் எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் இணைத்து, பேசாமல் இருந்துகொண்டு, பெருக்கத் திருகியை மெல்ல இறுதிவரை திருப்புங்கள். இரைச்சல் சீராக உயர்ந்தால் நன்று. கடைசிக் கால் பங்கில் திடீரென்று சீறினால் அந்தப் பகுதி உங்களுக்குப் பயன்படாது என்று கொள்க. திருகும்போது கரகரப்புக் கேட்டால், பழைய பெட்டியாயின் வாங்காதிருப்பதே நலம். 48 வோல்ட் விசை இருக்கிறதா, உங்கள் கணினி அப்பெட்டியை அறிந்துகொள்கிறதா என்பவற்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வண்டு எங்கிருந்து வந்தது?

எங்கள் அத்தையின் பாட்டைக் கெடுத்த இரைச்சல் பெட்டியின் குற்றமன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. ஏர்த் எனப்படும் புவித்தொடுப்புச் சரியில்லாத பழைய வீடுகளில், மடிக்கணினியின் சார்ஜர் வழியாக அதன் முரல் ஒலி பதிவுக்குள் நுழைந்துவிடும். பரிகாரம் மிக எளிது. மடிக்கணினியை முன்கூட்டியே மின்னேற்றிவிட்டு, பதிவு செய்யும்போது சார்ஜரைக் கழற்றி வையுங்கள். பெரும்பாலான சிறு பெட்டிகள் கணினியிலிருந்தே தமக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறும். அவ்வாறாயின் சுவரோடு எவ்விதத் தொடர்பும் இராது. இந்தச் சிறு செயலை அன்று அறிந்திருந்தேனானால் அத்தையின் பாட்டு இன்று தெளிவாக இருந்திருக்கும்.

அறையையும் கவனியுங்கள். சீமெந்துச் சுவர்களுள்ள கூடம் எதிரொலிக்கும். துணி நிறைந்த அலுமாரி இருக்கும் படுக்கையறையே சிறந்தது. பின்னால் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டால் போதும். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கமாக வையுங்கள். தூரம் இரட்டித்தால் வந்துசேரும் குரலின் அழுத்தம் பாதியாகும். பெருக்கியின் பளு அவ்வளவுக்கு மிகும். கண்டிப் பகுதியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை தகரக் கூரையில் தாளம் போடும். ஆகையால் காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். பதிவு முடிந்ததும் கண்டென்சர் ஒலிவாங்கியை ஈரமுறிஞ்சும் சிலிக்கா குறுமணிப் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். மலைநாட்டு ஈரம் அதற்குப் பகை.

கணினியில் 24 பிட், 48,000 மாதிரி என்ற அளவைத் தெரிவு செய்தால், ஒற்றை ஒலிவாங்கிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 மெகாபைட் இடமே போதும். உச்சக் குரல் −12 டெசிபெலைத் தொடுமாறு திருகியை வையுங்கள்; ஒப்பாரியில் குரல் திடீரென்று எழும்போது சிதையாதிருக்கும். பதிவை இரண்டு இடங்களில் சேமித்து, பாடியவர் பெயரையும் நாளையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வையுங்கள்.

சிறந்த பெட்டி எது என்று ஆராய்வதிலேயே மாதங்களைக் கழிக்கவேண்டாம். போதுமான பெருக்கமும், சீறாத திருகியும், 48 வோல்ட் விசையும் உள்ள எளிய பெட்டி போதும். அடுத்த ஆண்டு இதைவிட நல்ல பெட்டி கடைக்கு வரத்தான் செய்யும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முணுமுணுக்கும் அந்தக் குரல் அதுவரை காத்திருக்குமா என்பதையே எண்ணிப் பாருங்கள்.