சட்டம் 1 அங்குலம் குறைந்தால் 53 அடி நூல் "கோவிந்தா!"

சிட்டம் சுற்றுவதில் நடக்கும் அளவு விளையாட்டு

பூக்கடையில் முழத்துக்குச் சண்டை போடாத சென்னைவாசி உண்டா?

"என்னம்மா, இது முழமா? சாண்தான் இருக்குது!" என்று வாங்குபவர் கேட்பார். "என் கை இவ்வளவுதான் சாமி. என்னை என்ன பண்ணச் சொல்றே?" என்று பூக்காரம்மா திருப்பிக் கேட்பார்.

இதே சண்டை கை நூலிலும் உண்டு. பூவில் போனால் 10, 20 ரூபாயோடு போகும். நூலில் போனால் ஒரு பெண்ணின் கூலியே போகும்.

விவரம் வருமாறு:-

கதர்க்கடையில் தொங்கும் வேட்டி, துண்டு எல்லாம் முதலில் சிட்டமாக இருந்தவைதான். ராட்டையில் நூற்ற நூல் கதிரிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். அது எத்தனை மீட்டர் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. அதை ஒரு மரச் சட்டத்தில் சுற்று எண்ணிச் சுற்றி, வளையமாகக் கழற்றுகிறார்கள். அதுதான் சிட்டம்.

ஒரு சிட்டம் என்றால் 1000 மீட்டர். கூலி அதற்குத்தான். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய், இடுப்பு வலித்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

2024 அக்டோபர் 2 முதல் சிட்டத்துக்கு 12 ரூபாய் 50 காசு என்றும், 2025 ஏப்ரல் 1 முதல் 15 ரூபாய் என்றும் கதர் கிராமத் தொழில் கமிஷன் கூலியை உயர்த்தியது. ஒரு கிலோ மீட்டர் நூலுக்கு 15 ரூபாய்! சென்டிரலில் இருந்து எழும்பூர் வரை நூலை நீட்டிப் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 2 சிட்டம் வேண்டும். கூலி 30 ரூபாய். டீக்கடையில் 2 டீக்குச் சரியாகப் போகும்.

640 சுற்று

காந்தி காலத்துக் கணக்கு வேறு. சட்டத்தின் சுற்றளவு 4 அடி. 640 சுற்று சுற்றினால் ஒரு சிட்டம். அதாவது 853 கஜம். அதையும் 160, 160 சுற்றாக 4 பாகமாகப் பிரித்துக் கட்டுவார்கள்.

1924 டிசம்பரில் காந்தி தலைமையில் பெல்காமில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. உறுப்பினராக இருக்க வேண்டுமானால் மாதம் 2000 கஜம் நூல் தர வேண்டும் என்று அங்கே முடிவானது. 4 அடிச் சட்டத்தில் 1500 சுற்று! (நூற்க மனம் இல்லாதவர்கள் அடுத்தவர் நூற்றதை வாங்கிக் கொடுக்கவும் வழி வைத்திருந்தார்கள். அது வேறு கதை.)

இந்த 4 அடிச் சட்டத்தில் 1 அங்குலம் குறைந்தால் என்ன ஆகும்? ஒரு சுற்றுக்கு 1 அங்குலம். 640 சுற்றுக்கு 640 அங்குலம். 53 அடி 4 அங்குலம் நூல் அம்போ! பார்ப்பவருக்குச் சிட்டம் முழுசாகத்தான் தெரியும். சுற்றை எண்ணினாலும் 640 சரியாக இருக்கும்.

இது நூற்பவர் செய்யும் தவறு என்றால், எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வாங்குகிற இடத்துச் சட்டம் நீண்டிருந்தால்? 1 மீட்டர் சட்டம் 1 சென்டி மீட்டர் கூடுதலாக இருந்தால் சிட்டத்துக்கு 10 மீட்டர் சும்மா போகிறது. 100 சிட்டம் போட்டவருக்கு 1 சிட்டத்தின் கூலி கிடையாது. அவருக்கே தெரியாது!

யார் மேலும் குற்றம் இல்லாமலும் அளவு மாறும். நூலை இறுக்கி இழுத்துச் சுற்றினால், கழற்றியதும் அது சுருங்கிக் குறைந்துவிடும். ஒரே இடத்தில் சுற்று மேல் சுற்றாகக் குவித்தால் மேல் சுற்றெல்லாம் நீளமாகிவிடும். அதனால்தான் பழகிய கைகள் நூலைச் சட்டத்தின் மேல் பரப்பி, தளர்த்தாமலும் இழுக்காமலும் விடும்.

தராசும் பொய் சொல்லும்

"அப்படியானால் எடை போட்டு வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம்.

எடையும் பார்க்கிறார்கள். கிலோவுக்கு 33 சிட்டம் நிற்கிற நூல் என்றால் ஒரு சிட்டம் 30 கிராம் இருக்க வேண்டும். 28 கிராம் நின்றால் சந்தேகம். ஒன்று நூல் மெலிந்திருக்கிறது, இல்லாவிட்டால் சுற்று குறைந்திருக்கிறது. ஆனால் பருத்தி ஈரத்தைக் குடிக்கும். மழை நாளில் எடை ஏறும். தண்ணீர் தெளித்தாலும் ஏறும். எனவே தராசை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் இது போலீஸ் கேஸ் போலவே ஆனது. அங்கே 1777-ல் கம்பளி நூலுக்காக ஒரு சட்டம் வந்தது. சிட்டத்தைக் குறைத்துச் சுற்றினால் அபராதம். வீடு வீடாக நூற்ற ஏழைப் பெண்கள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தப்பட்டார்கள். பிடிப்பதற்கென்றே இன்ஸ்பெக்டர்கள்! அந்த இன்ஸ்பெக்டர்களை வைத்தது யார்? நூலை வாங்குகிற முதலாளிகளின் கமிட்டிதான். முதலாளி வீட்டுச் சட்டத்தை யார் போய் அளப்பது?

4 ஆணி போதும்

சட்டத்தைச் சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தையற்காரர் டேப்பைச் சட்டத்தைச் சுற்றிப் பிடித்தால் தெரிந்துவிடும். 1 மீட்டர் என்றால் 1000 சுற்று. ஒன்றேகால் மீட்டர் என்றால் 800 சுற்று. மரம் தேய்ந்து, ஆணி சாய்ந்து அளவு மாறும். எனவே ஒரு தடவை அளந்தது போதாது.

சட்டமே இல்லாதவர்கள் பலகையில் 4 ஆணி அடித்துக்கொள்ளலாம். நூல் ஓடுகிற இடத்தில் பக்கத்துக்கு 25 சென்டி மீட்டர் இருக்க வேண்டும். ஒரு சுற்று 1 மீட்டர். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் சுற்றுகிறவர்களும் உண்டு. அது வீட்டு உபயோகத்துக்குச் சரி. கூலிக் கணக்குக்கு ஆகாது. மறுபடி பூக்காரம்மா சண்டைதான் வரும்.

சுற்றி முடித்ததும் முதல் நுனியையும் கடைசி நுனியையும் முடிச்சுப் போட வேண்டும். பிறகு 3, 4 இடத்தில் வேறு நூலால் எட்டுப் போலக் கோத்துக் கட்டிவிட்டுத்தான் சட்டத்தில் இருந்து கழற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கட்டாமல் கழற்றினால் 1000 மீட்டரும் சிக்கல். அன்றைக்கு அந்த 15 ரூபாயும் கிடையாது.