தகட்டுக்குக் கீழே நடக்கும் கூத்து

இந்தப் பழைய தையல் மெஷினில் ஊசிக்கு இடப்பக்கம் பளபளவென்று ஒரு தகடு இருக்கிறதே, அதை விரலால் மெல்ல இழுங்கள். இன்னும் கொஞ்சம். ஆச்சு! இப்போது கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பாருங்கள்.

ஊசி இறங்குகிறது. அடி வரை போய்விட்டு ஒரு மயிரிழை மேலே ஏறுகிறது. அந்த மயிரிழைதான் விஷயமே! ஊசி ஏறியதும் அதோடு போன நூல் தளர்ந்து, பக்கத்தில் சின்ன வளையமாகப் புடைக்கிறது. அதற்காகவே காத்திருந்ததுபோல, ஒரு முனை கூரான எஃகு ஷட்டில் வருகிறது. தறியில் நாடா ஓடுவதைப் போல அந்த வளையத்துக்குள் முழு உடம்போடு புகுந்து மறுபக்கம் போய்விடுகிறது. அதன் வயிற்றில் நீளமான பாபின், பாபினில் கீழ் நூல். மேலே கொக்கி நூலைச் சுண்டி இழுக்க, இரண்டு நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்கின்றன. ஒரு தையல் விழுந்துவிட்டது! இதை முதன்முதலாகப் பார்த்த அன்று ராத்திரிச் சாப்பாட்டையே மறந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கையூசிக்குக் காது மேலே இருக்கும். மெஷின் ஊசிக்கு நுனியில். நுனிக் காதையும் ஷட்டிலையும் சேர்த்து இரட்டை நூல் தையல் போடும் இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஆண்டு 1846. ஐசக் சிங்கர் வாங்கியது 1851-ல். அந்தச் சிங்கர் பெயரைப் பொன் எழுத்தில் தாங்கிய மெஷின்தான் இப்போது புதுக்கோட்டையில் என் மேஜை மேல் இருக்கிறது. மாடல் 28கே. கடைசியில் நிற்கும் அந்த ‘கே’, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி ஆலையைக் குறிக்கும். 1913-ல் மட்டும் அங்கிருந்து 13 லட்சம் மெஷின் வெளியே போனதாம்! 1980-ல் ஆலையை மூடிவிட்டார்கள். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பெயர்.

அடித்தட்டில் பொறித்த வரிசை எண் ‘ஒய்’ எழுத்தில் தொடங்கினால், அது 1921-க்கும் 1935-க்கும் இடையில் அந்த ஆலையில் பிறந்த மெஷின். என்னுடையது ஒய்! அப்போது இந்த ஊர் தொண்டைமான் சமஸ்தானம், அம்மன் காசு புழங்கிய காலம். இந்திய யூனியனோடு சேர்ந்ததே 1948 மார்ச் 3-ல்தான். சமஸ்தானம் போய், மாவட்டம் வந்து, ஊசி மட்டும் அதே இடத்தில் ஏறி இறங்குகிறது.

சரி, அழுக்குக்கு வருவோம். பழைய மெஷின் சுற்ற மறுத்தால் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது, எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். நம் வீடுகளில் கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை விட்டுவிடுவார்கள். வருஷம் போகப் போக அது கோந்து. மெஷின் தலையைச் சாய்த்து, பொன் ஓவியம் உள்ள பக்கத்தைத் துணியால் மூடி, அடிப்பக்கம் வெயில் பார்க்கும்படி வைத்தேன். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை உண்டா! பிசின் இளகியதும் அசையும் மூட்டுகளில் மட்டும் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய். பிறகு பழைய பிரஷ், பிறகு அசல் மெஷின் ஆயில்.

மேல் உடம்புக்கு மண்ணெண்ணெயும் கூடாது, ஸ்பிரிட்டும் கூடாது. பொன் ஓவியத்தின் மேல் இருப்பது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட் பட்டால் கரைந்து ஓவியமும் கையோடு வந்துவிடும். மெஷின் ஆயில் நனைத்த பஞ்சால் பொறுமையாக ஒற்றி எடுக்க வேண்டும். அப்படி ஒற்ற ஒற்றத்தான் கறுப்புக்குள்ளிருந்து எகிப்தின் ஸ்பிங்க்ஸ் முகம் வெளியே வந்தது. வீட்டையே கூப்பிட்டுக் காட்டினேன்!

ஷட்டிலின் வில்லைத் தளர்த்தத் தைரியம் வராமல் மெஷினை மெக்கானிக் ஐயாவிடம் எடுத்துப் போனேன். கையில் வாங்கிப் பார்த்ததும், “ஏத்தா, இதைப் போயி பழைய இரும்புக்குப் போடப் பாத்தாகளா?” என்று எனக்காக அவரே கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. தலையை எடைக்குப் போட்டுவிட்டு, இரும்பு ஸ்டாண்டை மட்டும் வாஷ்பேசினுக்கு அடியில் நிறுத்துகிறார்களே! இன்று எந்தத் தாலுகா ஊரிலும் கிடைக்கும் சாதாரண ஊசியே இதற்கும் பொருந்தும். தோல் பெல்ட்டும் கிடைக்கும். நீள பாபின் மட்டும் கொஞ்சம் தேடவைக்கும்.

காந்திஜியும் இதன் பக்கம்தான். எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா நீங்கள் என்று 1924-ல் இளைஞர் ஜி. ராமச்சந்திரன் கேட்டபோது, விதிவிலக்காக அவர் முதலில் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்.

இனி மிதிக்கலாம். முதலில் நூலும் வேண்டாம், துணியும் வேண்டாம். ஒரு பாதம் சற்று முன்னே, ஒன்று சற்றுப் பின்னே. கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு தட்டு, பிறகு பெடல். சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் நூல் சிக்கி அறுந்துவிடும் என்பதால், கால் இதைப் பழகும் வரை ஊசிக்கு நூல் கோக்கவே கூடாது. 1991 அறிவொளி எழுத்தறிவு இயக்க நாட்களில் இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியவர்கள். இங்கே பெடலுக்குப் பயப்பட ஆளில்லை!

அடுத்தது கோடு போட்ட நோட்டுத்தாள். வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே குத்திக்கொண்டு போக வேண்டும். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, வரப்போகும் கோட்டைப் பார்க்க வேண்டும். நூல் கோக்கும்போது ஊசியின் நீளப் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து நுழையுங்கள். தைத்த துணியின் அடியில் கொசகொசவென்று வளையம் தெரிந்தால் உடனே பாபினைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் தளர்ந்திருப்பது மேல் நூல். டென்ஷன் திருகை ஒரு இழை இறுக்குங்கள், சரியாகிவிடும்.

28கே-வுக்கு ரிவர்ஸ் கிடையாது, ஜிக்ஜாக் கிடையாது. நேர்த்தையல் மட்டும்தான், ஆனால் என்ன நேர்த்தையல்! முதல் உருப்படியாக மஞ்சப்பை தைத்தேன். பக்கவாட்டில் இரண்டு தையல், வாய்க்கு ஒரு மடிப்பு, பிறகு கைப்பிடி. கைப்பிடி சேரும் இடத்தில் துணி ஆறேழு மடிப்பாகத் திரண்டுவிட்டது. அங்கே மட்டும் கையால் சக்கரத்தைச் சுற்றினேன். ஊசி முனகாமல் இறங்கியது, ஷட்டில் வளையத்துக்குள் பாய்ந்தது, தையல் உட்கார்ந்தது. அத்தை பார்த்துவிட்டு, காய்கறிக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று இரண்டு கேட்டிருக்கிறார். துணி எடுக்கக் கீழ ராஜ வீதிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.