கட்டுமான நிறுவனத்தின் ஏட்டில் வராத சொத்து

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூர்ப் பகுதியில் வீட்டுக் கடனுக்காக மனைகளைப் பார்வையிடச் செல்லும்போது நாங்கள் முதலில் கேட்பது, இது முன்பு வயலாக இருந்ததா என்பதே. மேலே செம்மண் தெரியும். கீழே பழைய வயலின் சேறு இருக்கும். அத்தகைய மனையொன்றில் சிறு ஒப்பந்ததாரர் ஒருவர் கட்டிய வீட்டின் அடித்தளம் பாதி உறுதியான மண்ணிலும், பாதி நிரப்பிய மண்ணிலும் அமைந்துவிட்டது. இரண்டாம் மழைக்காலத்தில் மூலைச் சுவர் வெடித்தது. மேற்பார்வையாளர் காரணத்தைக் கண்டறிந்து, அடுத்த வீட்டுக்கு ஆழமாகத் தோண்டி, கம்பியிட்ட கான்கிரீட் பட்டை அமைத்தார். பின்னர் அவர் வளைகுடா நாட்டுக்குச் சென்றுவிட்டார். மூன்றாம் வீட்டில் மீண்டும் அதே விரிசல்! அதன் உரிமையாளர் எங்கள் வாடிக்கையாளர். முதல் கடன் தீருமுன்பே, பழுது பார்ப்பதற்கென அவர் இன்னொரு கடன் பெற நேர்ந்தது.

அந்த ஒப்பந்ததாரரிடம் அறிவு இல்லாமல் இல்லை. அது ஒருவரின் தலைக்குள் இருந்தது. அவரோடு விமானம் ஏறிவிட்டது. அதனை நிறுவனத்திலேயே தங்கவைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் அறிவு மேலாண்மை என்று பெயர். கைப்பழக்கமாக மட்டும் இருக்கும் அறிவையும் எழுத்தில் வரும் அறிவையும் வேறுபடுத்தி, ஒன்று மற்றொன்றாக மாறுவதை ஜப்பானிய அறிஞர்கள் நோனாகாவும் தாகேயுச்சியும் 1995ஆம் ஆண்டு நூலில் விளக்கினர். ஒரு பணி முடிந்ததும் ஆட்கள் கலைந்துவிடும் கட்டுமானத் தொழிலில் இந்த மாற்றம் எளிதில் நிகழ்வதில்லை.

நிகழ்த்திக் காட்டியவர் ஒருவர் நமக்கு மிக அருகில், திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். லாரி பேக்கர் செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் 'எலிப்பொறிக் கட்டு' முறையைக் கேரளத்தில் பரவச் செய்தார். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் இதனால் மிச்சமாகும். கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பதிலாக ஓடுகளைப் பதிக்கும் முறையையும் அவர் கையாண்டார். செலவைக் குறைக்கும் வழிகளைத் தம் கையாலேயே படம் வரைந்து சிறு கையேடுகளாக வெளியிட்டார். 1985இல் அச்சுத மேனன், கே.என்.ராஜ் ஆகியோருடன் சேர்ந்து அவர் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம், பேக்கர் 2007இல் மறைந்த பின்னும் அம்முறைகளில் வீடுகளைக் கட்டி வருகிறது. அதற்கு விலையுயர்ந்த கணினி மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை என்பதைச் சிறு ஒப்பந்ததாரர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

பெரிய நிறுவனங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பே நிறுவன அறிவைப் பேணுமாறு விதிக்கிறது. எட்டுப் பத்துக் கொத்தனார்களை வைத்துத் தொழில் செய்பவருக்கு ஒரு பதிவேடும் கைப்பேசியும் போதும்: மண் எந்த ஆழத்தில் கெட்டிப்பட்டது, எந்தப் பணி ஏன் இரண்டாம் முறை செய்யப்பட்டது, கம்பி கட்டி முடித்ததும் எடுத்த படம். தவறுகளை எழுதிவைக்கத்தான் பலர் தயங்குகிறார்கள். எழுதினால் பழி வருமோ என்ற அச்சம் அது. முதலாளி கண்டிப்பவராயின் பதிவேடு வெறுமையாகவே இருக்கும்.

வீட்டுக் கடன் தொகையை அடித்தளம், லிண்டல், கூரை எனக் கட்டங்களாகவே விடுவிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவும் படமும் இருந்தால் எங்கள் பொறியாளரின் ஐயங்கள் விரைவில் தீரும். பணத்துக்காக வேலை நிற்பதும் குறையும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறையை மனை மேம்பாட்டாளர் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். பழைய பதிவுகள் இல்லையேல் எங்கே இடிப்பது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

வீடு கட்டும் வாடிக்கையாளர்கள் சாவியுடன் ஒரு கோப்பையும் கேட்டுப் பெறலாம். உண்மையில் கட்டியபடி திருத்திய வரைபடமும், பூச்சுக்கு முன் எடுத்த மின்கம்பி, தண்ணீர்க் குழாய்களின் படங்களும் அதில் இருக்கட்டும். இதனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது; பூசிய பின் கேட்டால் கிடைக்காது.