முறிந்த தோளும் உலோகத் தகடும்

தலை வாருகிறோம், கொடியில் துணி உலர்த்துகிறோம், விடை தெரிந்தால் வகுப்பில் கையை உயர்த்துகிறோம். இவற்றுக்கெல்லாம் தோள்மூட்டு வேண்டும். மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோள்பட்டையின் ஆழமற்ற குழியில் அமர்ந்து சுழல்கிறது. வழுக்கி விழுந்து கையை ஊன்றும்போது அந்த உருண்டைக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிவதுண்டு. எலும்பு மெலிந்துபோன பாட்டிமாருக்கே இது மிகுதி.

1970-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் ஓர் அளவுகோல் வகுத்தார். முறிந்த துண்டு 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகினாலோ, 45 டிகிரிக்கு மேல் திரும்பினாலோதான் அது இடம்பெயர்ந்த முறிவு. மற்றவற்றுக்குக் கழுத்திலிருந்து தொங்கும் துணித்தூளியே போதும்.

இடம்பெயர்ந்தவற்றைத் தகடு வைத்துப் பொருத்தலாம். தகடு எலும்பை ஒட்டவைப்பதில்லை என்பதை நினைவிற் கொள்க. ஒட்டுவது உடலின் வேலை. அதுவரை துண்டுகளை அசையாமல் பிடித்திருப்பதே தகட்டின் பணி. பழைய தகடுகளில் திருகாணிகள் தகட்டை எலும்போடு அழுத்திப் பிடித்தன. உறுதியான எலும்புக்கு அது சரி. இற்றுப்போன பலகையில் திருகாணி நிற்குமா? எந்தத் தச்சரையும் கேட்டுப் பாருங்கள்! முதியவர்களின் எலும்பிலும் இதே தொல்லை.

2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பூட்டும் தகடுகள் இம்மூட்டுக்கு வந்தன. இவற்றில் திருகாணியின் தலையிலும் மரை உண்டு, தகட்டின் துளையிலும் மரை உண்டு. இரண்டும் பூட்டிக்கொண்டு ஒரே உலோகம்போல் நிற்கும். திருகாணிகள் பல கோணங்களில் உருண்டைக்குள் செல்வதால் எளிதில் கழன்று வருவதில்லை. எனினும் மருத்துவர் மில்லிமீட்டர் கணக்குப் பார்க்க வேண்டும். தகடு உயரமாக அமைந்தால் கையைத் தூக்கும்போது மேலுள்ள எலும்பில் இடிக்கும். திருகாணி நீண்டுவிட்டால் உருண்டையைத் துளைத்துக் குழியைத் தேய்க்கும். தோளைச் சுற்றி ஓடும் நரம்பு அறுபட்டாலோ, கையை உயர்த்தும் தசையே செயலிழக்கும்.

இவ்வளவு பாடுபட்டும் பலன் என்ன? பிரிட்டனில் 250 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. இடம்பெயர்ந்த முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர்களும் தூளி மட்டும் போட்டவர்களும் இரண்டாண்டுக்குப் பின் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனராம்! எனக்கு இது பெரும் வியப்பு. ஆனால் உருண்டை குழியை விட்டே நழுவியவர்கள் போன்றோர் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே வயது, எலும்பின் உறுதி, முறிவின் வகை மூன்றையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

தகடோ, தூளியோ, பின்னர் பயிற்சி உண்டு. முன்னால் குனிந்து, கையைக் கடிகார ஊசல்போல் மெல்ல ஆட்ட வேண்டும். வலிக்கத்தான் செய்யும். ஆட்டாமல் விட்டால் மூட்டு இறுகிவிடும். சீப்பு தலைக்கு எட்டாது.